ஆறு வாரப் படுக்கையிலிருந்து மாரத்தான் வரை: ஆப்பரேஷனுக்குப் பிறகு எழுந்து நடந்த கதை

1/
"இதயம் மாத்தியாச்சு. இனிமே இவர் கட்டிலை விட்டு இறங்கலாமா டாக்டர்?"

சிறுநீரகம் மாற்றியவர், கல்லீரல் மாற்றியவர், பேஸ்மேக்கர் வைத்தவர் என யாராக இருந்தாலும் டிஸ்சார்ஜ் அன்று வீட்டார் ஏதோ ஒரு வடிவில் கேட்கும் கேள்வி இது. இதற்குச் சரியான பதிலைக் கண்டுபிடிக்க மருத்துவ உலகத்துக்கே இருநூறு வருஷம் பிடித்தது. அந்தக் கதைதான் இந்த இழை. கொஞ்சம் நீளம். டீயோட வந்து உட்காருங்க.

2/
18-ஆம் நூற்றாண்டு லண்டனில் வில்லியம் ஹெபர்டன் என்று ஒரு மருத்துவர். நடந்தால் நெஞ்சு வலிக்கும், நின்றால் வலி நிற்கும் என்ற ஆஞ்சைனா நோயைத் தெளிவாக விவரித்தவர். அவருடைய கட்டுரை 1772-ல் அச்சானது.

அவர் எழுதி வைத்த குறிப்புகளில் ஒரு நோயாளி வருகிறார். அவர் தினமும் அரை மணி நேரம் மரம் அறுப்பதை வழக்கமாக வைத்துக்கொண்டார். கிட்டத்தட்ட குணமே ஆகிவிட்டார் என்று ஹெபர்டன் பதிவு செய்கிறார்.

3/
இதய நோயாளிக்கு உடற்பயிற்சி உதவும் என்பதற்கு நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய மருத்துவக் குறிப்புகளில் இது ஒன்று.

ஆனா அந்தக் குறிப்பை யாரும் பெரிசா எடுத்துக்கல. அடுத்த நூற்றைம்பது வருஷம் மருத்துவம் நேர் எதிர்த் திசையில் போனது. இதயத்துக்கு நோயா? படு. அசையாதே.

4/
20-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் மாரடைப்பு வந்தவரை எப்படிப் பார்த்துக்கொண்டார்கள் தெரியுமா?

ஆறு வாரம் கட்டில். தானாகத் திரும்பிப் படுக்கக் கூடாது. தானாகச் சாப்பிடக் கூடாது, நர்ஸ் ஊட்டி விடுவார். ஷேவிங் கூடாது. மலம் கழிப்பதும் படுத்தபடியே, பெட்பேனில். அதன் பிறகும் மாதக்கணக்கில் வீட்டில் ஓய்வு. பலர் வேலைக்குத் திரும்பவே இல்லை.

5/
அது ஏன் ஆறு வாரம்?

1939-ல் பாஸ்டனில் ஒரு ஆய்வு வந்தது. மாரடைப்பில் செத்துப்போன இதயத் தசை தழும்பாக மாற எவ்வளவு நாள் ஆகும் என்று பிரேதப் பரிசோதனைகளை வைத்துப் பார்த்தார்கள். சிறிய பாதிப்புக்கே ஏறத்தாழ ஆறு வாரம் ஆகிறது என்று தெரிந்தது.

தழும்பு ஆற ஆறு வாரம் என்றால் மனிதனும் ஆறு வாரம் படுக்க வேண்டும் என்ற வழக்கத்துக்கு அது வலுவான ஆதாரமாகிவிட்டது.

6/
கேட்க நியாயமாத்தான் இருக்கு இல்லையா? எலும்பு உடைந்தால் மாவுக்கட்டு போடுகிறோம், அதே மாதிரி.

ஆனால் இதயத்துக்கு மாவுக்கட்டு போட முடியாது. ஆள் படுத்திருந்தாலும் அது ஒரு நாளைக்கு லட்சம் முறை துடித்துக்கொண்டுதான் இருக்கும். மாவுக்கட்டு விழுந்தது மற்ற எல்லா உறுப்புகள் மேலும்தான். காலில் ரத்தம் உறைந்தது. அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்து, மாரடைப்பில் தப்பித்தவர்கள் செத்துப்போனார்கள்.

7/
1950-ல் அமெரிக்காவில் ஒரு வேடிக்கையான, ஆனால் முக்கியமான ஆய்வு. படுத்தபடி பெட்பேனில் மலம் கழிக்க உடல் செலவிடும் சக்தி அதிகமா, கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போன்ற கமோடில் உட்கார்ந்து போனால் அதிகமா என்று அளந்தார்கள்.

பெட்பேனுக்குத்தான் அதிக சக்தி தேவைப்பட்டது! ஓய்வு என்ற பெயரில் நோயாளியைக் கூடுதலாக வேலை வாங்கியிருக்கிறார்கள்.

8/
அந்த ஆய்வில் இருந்தவர்களில் ஒருவர் ஹோவர்ட் ரஸ்க். நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவத்தை ஒரு தனித் துறையாகவே வளர்த்தவர். இந்தப் பெயரை ஞாபகம் வச்சுக்கோங்க. நம்ம வேலூருக்கும் இவருக்கும் ஒரு தொடர்பு உண்டு, பின்னாடி வரும்.

9/
அதே காலத்தில் பாஸ்டனின் பீட்டர் பென்ட் பிரிகாம் மருத்துவமனையில் சாமுவேல் லெவைன் என்ற மூத்த இதய மருத்துவர் ஒரு முடிவுக்கு வந்தார். படுக்கும்போது கால்களிலிருந்து இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் அதிகரிக்கிறது, அதனால் பலவீனமான இதயத்துக்குச் சுமை கூடுகிறது, உட்கார்ந்தால் குறையும் என்பது அவர் வாதம்.

மாரடைப்பு வந்த ஓரிரு நாளிலேயே நோயாளியைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தார்.

10/
அவருடைய இளம் உதவியாளர் பெர்னார்ட் லோன். இருவரும் சேர்ந்து 81 நோயாளிகளை இப்படிப் பார்த்துக்கொண்டு, 1952-ல் அதை வெளியிட்டார்கள். "நாற்காலி சிகிச்சை" என்றே அதற்குப் பெயர் வந்தது.

தொடக்கத்தில் சக மருத்துவர்களிடமிருந்து கடும் எதிர்ப்பு. நோயாளியைக் கொல்லப் பார்க்கிறீர்களா என்கிற அளவுக்கு. ஆனால் பயந்தபடி யாரும் நாற்காலியில் சரிந்து விழவில்லை. தெம்பும் தைரியமும் கூடியது.

11/
இந்த லோன் தான் பிறகு, இன்று எல்லா ஐசியூவிலும் இருக்கும் நேர்மின் அதிர்ச்சிக் கருவியான டீஃபிப்ரிலேட்டரை உருவாக்கியவர். அணு ஆயுதத்துக்கு எதிராக அவர் இணைந்து நிறுவிய மருத்துவர்கள் அமைப்புக்கு 1985-ல் அமைதிக்கான நோபல் பரிசும் கிடைத்தது.

ஆனா அவருடைய முதல் பெரிய பங்களிப்புக்கு மின்சாரமே தேவைப்படல. ஒரு நாற்காலி, பக்கத்தில் ஒரு ஆள். அவ்வளவுதான்.

12/
1953-ல் லண்டனிலிருந்து இன்னொரு செய்தி. ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர் அந்த ஊர் மாடி பஸ் ஊழியர்களை ஆராய்ந்தார். நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் டிரைவர்களைவிட, மாடிப்படி ஏறி இறங்கி டிக்கெட் கொடுக்கும் கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாக வந்தது.

அசைவு இதயத்துக்கு எதிரி என்ற நம்பிக்கை நாலா பக்கமும் ஆட்டம் கண்டது.

13/
1955 செப்டம்பர் 24. அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவருக்கு மாரடைப்பு. உலகமே பதறுகிறது. வரவழைக்கப்பட்ட இதய நிபுணர் பால் டட்லி வைட்.

யார் இவர்? ஆறு வாரத் தழும்புக் கணக்கைச் சொன்ன அதே 1939 ஆய்வின் ஆசிரியர்களில் ஒருவர்! ஆனால் இப்போது அவர் அதிபரை முடக்கிப் போடவில்லை. படிப்படியாக எழுப்பி நடக்க வைத்தார். பத்திரிகையாளர்களிடம் எல்லாவற்றையும் வெளிப்படையாகச் சொன்னார்.

14/
ஐசன்ஹோவர் மறுபடி கோல்ஃப் ஆடினார். 1956 நவம்பரில் மறுபடி தேர்தலில் ஜெயித்து இன்னொரு முழுப் பதவிக்காலத்தையும் முடித்தார். மாரடைப்புக்குப் பிறகு 13 வருஷத்துக்கு மேல் வாழ்ந்து 1969-ல் இறந்தார்.

மாரடைப்பு வந்தால் வேலைக்காகாது என்ற பொதுப்புத்தியை எந்த மருத்துவக் கட்டுரையையும்விட இது அதிகமாக உடைத்தது.

15/
1964-ல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, இதய நோயாளிகளின் மறுவாழ்வு பற்றி ஒரு அறிக்கையே வெளியிட்டது. அதன் சாரம் இதுதான்: உயிரைக் காப்பாற்றினால் மட்டும் போதாது, அந்த மனிதர் உடலாலும் மனதாலும் சமூகத்தில் தன் பழைய இடத்துக்குத் திரும்ப உதவ வேண்டும்.

கார்டியாக் ரிஹாப், அதாவது இதய மறுவாழ்வு சிகிச்சை, முறையான மருத்துவமானது இப்படித்தான்.

16/
படுக்கை உடம்பை என்ன செய்யும் என்பதற்கு அசைக்க முடியாத சாட்சி 1966-ல் அமெரிக்காவின் டல்லாஸில் கிடைத்தது. 20 வயதுள்ள ஐந்து ஆரோக்கியமான இளைஞர்கள். மூன்று வாரம் கட்டிலிலேயே. அவர்களின் அதிகபட்ச உழைப்புத் திறன் கால் பங்குக்கும் மேல் சரிந்தது.

முப்பது வருஷம் கழித்து அதே ஐந்து பேரை மறுபடி சோதித்தார்கள். 20 வயதில் மூன்று வாரப் படுக்கை செய்த சேதம், முப்பது வருஷம் வயதானதால் வந்த சேதத்தைவிட அதிகமாக இருந்தது!

17/
இதை மறுபடி ஒரு தரம் படிங்க. ஆரோக்கியமான 20 வயசுக்காரனுக்கே இந்தக் கதி.

அப்போ, பல மாதம் மூச்சுத்திணறலில் கிடந்து, தசையெல்லாம் கரைந்து, பெரிய ஆப்பரேஷனும் முடிந்து வந்திருக்கும் 50 வயதுக்காரரை "பத்திரமா பார்த்துக்கறோம்" என்று கட்டிலில் போட்டால்?

18/
இனி உறுப்பு மாற்று சிகிச்சைக்கு வருவோம்.

1954 டிசம்பர் 23. உலகின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று. ரொனால்ட் ஹெரிக் தன் இரட்டைச் சகோதரர் ரிச்சர்டுக்குக் கொடுத்தார். செய்தவர் ஜோசஃப் மர்ரே, 1990-ல் நோபல் பெற்றவர். எந்த மருத்துவமனை? லெவைன் நாற்காலி போட்ட அதே பீட்டர் பென்ட் பிரிகாம்!

ரிச்சர்ட் எழுந்து, வீடு திரும்பி, தன்னைப் பார்த்துக்கொண்ட நர்ஸையே திருமணம் செய்து, எட்டு வருஷம் வாழ்ந்தார்.

19/
1967 டிசம்பர் 3. தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன். கிறிஸ்டியான் பர்னார்ட் முதல் மனித இதய மாற்று அறுவை சிகிச்சையைச் செய்தார். நோயாளி லூயி வாஷ்கன்ஸ்கி 18 நாளில் நிமோனியாவால் இறந்தார். புது இதயத்தை உடல் ஒதுக்காமல் இருக்கக் கொடுத்த மருந்துகள், கிருமியைத் தடுக்கும் சக்தியையும் சேர்த்தே குறைத்துவிட்டன.

20/
அடுத்த மாதமே, 1968 ஜனவரி 2-ல், பிலிப் பிளைபெர்க் என்ற பல் மருத்துவருக்கு இதயம் மாற்றினார்கள். இவர் 19 மாதம் வாழ்ந்தார். கடலில் இறங்கிக் குளிக்கும் அவருடைய புகைப்படம் உலகம் முழுக்கச் சுற்றியது.

இதயத்தை மாற்ற முடியும் என்று முந்தைய மாதமே தெரிந்துவிட்டது. மாற்றிய இதயத்தோடு வாழவும் முடியும் என்று ஜனங்களை நம்ப வைத்தது அந்தப் படம்.

21/
இந்தியாவிலும் 1968 பிப்ரவரியில் மும்பை கேஇஎம் மருத்துவமனையில் டாக்டர் பி.கே.சென் இதய மாற்று அறுவை சிகிச்சை செய்தார். நோயாளி சில மணி நேரமே உயிரோடு இருந்தார்.

உலகம் முழுக்கவும் அப்படித்தான். நிறைய பேர் செய்தார்கள், பெரும்பாலான நோயாளிகள் சீக்கிரமே இறந்தார்கள், 70களின் தொடக்கத்தில் அநேக மருத்துவமனைகள் கைவிட்டன. ஸ்டான்ஃபோர்டில் நார்மன் ஷம்வே போன்ற மிகச் சிலரே விடாமல் தொடர்ந்தார்கள்.

22/
80களின் தொடக்கத்தில் சைக்ளோஸ்போரின் மருந்து வந்தது. ஒதுக்கல் கட்டுக்குள் வந்தது. நோயாளிகள் வருஷக்கணக்கில் வாழத் தொடங்கினார்கள். இந்தியாவில் 1994-ல் உறுப்பு மாற்றுச் சட்டம் வந்தது. அந்த வருஷம் ஆகஸ்டிலேயே டெல்லி எய்ம்ஸில் டாக்டர் வேணுகோபால் குழு நாட்டின் முதல் வெற்றிகரமான இதய மாற்று அறுவை சிகிச்சையைச் செய்தது.

இப்போதுதான் புதுக் கேள்வி வந்தது. பிழைச்சாச்சு, சரி. இவங்க எப்படி வாழணும்?

23/
இங்கே ஒரு அழகான உடலியல் சங்கதி இருக்கு. இதயத்தை மாற்றும்போது ரத்தக் குழாய்களைத் தைத்து இணைக்கிறோம். நரம்புகளை இணைக்க முடியாது.

சாதாரணமாக வேகஸ் என்ற நரம்பு நம் இதயத்துக்கு பிரேக் பிடித்துக்கொண்டே இருக்கும். அதனால்தான் ஓய்வில் 70 சொச்சம் துடிக்கிறது. மாற்றிய இதயத்தில் அந்த பிரேக் இல்லை. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே 90 முதல் 110 வரை ஓடும். அது அந்த இதயத்தின் இயல்பு, பயப்பட வேண்டாம்.

24/
ஆக்சிலேட்டர் நரம்பும் இல்லை. நீங்கள் படியேறினால் உங்கள் இதயம் நொடியில் வேகம் பிடிக்கும். அவர் இதயம், ரத்தத்தில் அட்ரினலின் ஏறி வந்து சேரும் வரை சில நிமிஷம் காத்திருக்கும். நின்ற பிறகும் உடனே இறங்காது.

அதனால்தான் "மெதுவா ஆரம்பிங்க, மெதுவா நிறுத்துங்க" என்கிறோம். தடாலடியாக ஆரம்பித்தால் மூச்சு வாங்கும், தலை சுற்றும். வீட்டில் உள்ளவர்கள் பயந்துபோய் நடையையே நிறுத்திவிடுவார்கள்.

25/
அப்போ நாடித்துடிப்பை வைத்துப் பயிற்சியின் அளவைச் சொல்ல முடியாது. வேறு வழி வேண்டும். ஸ்வீடனைச் சேர்ந்த குன்னார் போர்க் உருவாக்கிய அளவுகோல் இங்கே கைகொடுத்தது. 6 முதல் 20 வரை எண்கள். "எவ்வளவு கஷ்டமா இருக்கு?" என்று நோயாளியே சொல்ல வேண்டும்.

வீட்டில் இன்னும் சுலபம்: நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது. அந்த வேகம் போதும்.

26/
இன்னொன்று. நரம்பு இல்லாததால் இந்த இதயத்தில் அடைப்பு வந்தாலும் பலருக்கு நெஞ்சு வலி தெரியாது. "வலி இல்லையே, நல்லாத்தானே இருக்கேன்" என்று செக்கப்பைத் தள்ளிப்போடுவது ஆபத்து.

ஸ்டீராய்டு மருந்து தொடைத் தசையையும் எலும்பையும் கரைக்கும். இது எல்லா உறுப்பு மாற்று நோயாளிகளுக்கும் பொருந்தும். நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காரும் பயிற்சி இதற்காகத்தான்.

27/
கனடாவின் டொராண்டோவில் டெரன்ஸ் கவனா என்ற மறுவாழ்வு மருத்துவர். 1973-ல் மாரடைப்பிலிருந்து மீண்ட தன் நோயாளிகள் ஏழு பேரை பாஸ்டன் மாரத்தான் ஓட வைத்தவர்.

80களில் இதய மாற்று நோயாளிகளுக்கும் பயிற்சி கொடுத்தார். அவர்களில் ஒருவர் மாரத்தான் ஓடியதை 1986-ல் மருத்துவ இதழில் பதிவு செய்தார். மாரத்தான் தூரம் 42 கிலோமீட்டர். எல்லோரும் ஓடணும்னு சொல்லல. முடியும் என்பதற்கு ஒரு சாட்சி.

28/
1978-லேயே இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத்தில் மாரிஸ் ஸ்லாபாக் என்ற அறுவை சிகிச்சை நிபுணர், உறுப்பு மாற்றியவர்களுக்கென்றே விளையாட்டுப் போட்டி தொடங்கினார். உலக உறுப்பு மாற்று விளையாட்டுப் போட்டிகள் என்ற பெயரில் இன்றும் நடக்கிறது.

1999-ல் லாஸ் ஏஞ்சலஸ் குழு, இதயம் மாற்றிய 27 பேரை இரண்டாகப் பிரித்துப் பார்த்தது. வீட்டில் தானாகச் செய்துகொள்ளச் சொன்னவர்களைவிட, ஆறு மாதம் மேற்பார்வையில் பயிற்சி பெற்றவர்களின் திறன் தெளிவாக அதிகம் ஏறியது.

29/
இப்போ கருவிகளின் கதை.

1958 அக்டோபர். ஸ்டாக்ஹோமில் ஆர்னே லார்சன் என்பவருக்கு இதயம் அடிக்கடி நின்று நின்று மயக்கம். அவர் மனைவி விடாப்பிடியாக நச்சரித்து, சென்னிங் என்ற அறுவை நிபுணரையும் எல்ம்க்விஸ்ட் என்ற பொறியாளரையும் சம்மதிக்க வைத்தார். உடலுக்குள் வைத்த முதல் பேஸ்மேக்கர் பிறந்தது. ஷூ பாலிஷ் டப்பா அச்சில் வார்த்தது!

30/
அது சில மணி நேரம்தான் ஓடியது. மாற்றினார்கள். மறுபடி மாற்றினார்கள். வாழ்நாளில் இருபதுக்கும் மேற்பட்ட பேஸ்மேக்கர்கள். லார்சன் 2001-ல் தன் 86-வது வயதில் இறந்தார், அதுவும் இதய நோயால் இல்லை. கருவியைச் செய்த பொறியாளரும் பொருத்திய மருத்துவரும் அவருக்கு முன்பே போய்விட்டார்கள்.

சும்மா வீட்டில் இருக்கவில்லை மனுஷன். வேலை பார்த்தார், ஊர் ஊராகப் போனார், மற்ற நோயாளிகளுக்காகப் பேசினார்.

31/
அடுத்தது ஐசிடி. ஆபத்தான தாளம் வந்தால் உள்ளிருந்தே அதிர்ச்சி கொடுத்து உயிர் காக்கும் கருவி. தன் நண்பரும் வழிகாட்டியுமானவரை திடீர் இதய நிறுத்தத்தில் இழந்த மிஷெல் மிரோவ்ஸ்கி, பலர் கேலி செய்தும் விடாமல் உருவாக்கியது. 1980 பிப்ரவரியில் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் முதல் மனிதருக்குப் பொருத்தினார்கள்.

இதில் ஒரு புது நோய் வந்தது: பயம். "நடந்தா ஷாக் அடிச்சிடுமோ?"

32/
அந்தப் பயத்தில் நடையை நிறுத்தி, வெளியே போவதை நிறுத்தி, தாம்பத்தியத்தையும் நிறுத்தி வாழ்பவர்கள் நிறைய. காப்பாற்ற வைத்த கருவியே சிறையாகிவிடுகிறது.

இதற்கு வழி இருக்கிறது. எந்த வேகத்தில் கருவி விழித்துக்கொள்ளும் என்பது உங்கள் மருத்துவருக்குத் தெரியும். அதற்கு 10 முதல் 20 துடிப்பு கீழே வரை பயிற்சி செய்யலாம். உங்கள் எண் என்ன என்று கேட்டு எழுதி வச்சுக்கோங்க.

33/
மூன்றாவது, எல்வேட் எனும் இதயத் துணை பம்ப். 1982-ல் அமெரிக்காவில் பார்னி கிளார்க்குக்கு முழுச் செயற்கை இதயம் வைத்தபோது, ஆளைவிடப் பெரிய காற்று இயந்திரத்தோடு குழாயால் கட்டப்பட்டிருந்தார். 112 நாள் வாழ்ந்தார், மருத்துவமனையை விட்டு வெளியேறவில்லை.

90களில் இடுப்பில் பேட்டரி கட்டிய துணை பம்புகள் வந்தன. குழாயிலிருந்து விடுபட்டவர்கள் நடந்தார்கள், வீட்டுக்குப் போனார்கள். மாற்று இதயத்துக்குக் காத்திருக்கும் காலமே உடம்பைத் தேற்றும் காலமானது.

34/
இன்றைய பம்புகள் ரத்தத்தை விட்டு விட்டுத் தள்ளாமல் தொடர்ந்து தள்ளும். அதனால் பலருக்கு மணிக்கட்டில் நாடியே தெரியாது, ஆனால் ஆள் நன்றாகப் பேசிக்கொண்டிருப்பார்! தெரியாதவர்கள் பதறிவிடுவார்கள்.

நடைக்குப் போனாலும் மாற்று பேட்டரி கையில் இருக்க வேண்டும். கரண்ட் போகும் ஊரில் மாற்று ஏற்பாடு கட்டாயம். நீச்சல் கூடாது.

35/
சரி, வேலூர் கதை பாக்கி இருக்கே.

சிஎம்சியில் டாக்டர் மேரி வர்கீஸ். 1954-ல் ஒரு விபத்தில் முதுகுத்தண்டு பாதித்து இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு நியூயார்க் போய், பெட்பேன் ஆய்வில் வந்த அதே ஹோவர்ட் ரஸ்கின் நிறுவனத்தில் மறுவாழ்வு மருத்துவம் படித்தார். திரும்பி வந்து அந்தத் துறையைக் கட்டினார். 1966-ல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது.

36/
இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று எங்கே நடந்தது? அதே சிஎம்சி வேலூரில், 1971-ல்.

பாஸ்டனில் நாற்காலி வந்து சில வருஷத்தில் சிறுநீரகம். வேலூரில் மறுவாழ்வு நிலையம் வந்து ஐந்து வருஷத்தில் சிறுநீரகம். ஒன்றால்தான் இன்னொன்று நடந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் இரண்டு ஊரிலும், நோயாளியை எழுப்பும் அறிவு உறுப்பை மாற்றும் அறிவுக்கு முன்பே வந்திருந்தது. இன்று நாம் இரண்டாவதை வாங்கிக்கொண்டு முதலாவதை விட்டுவிட்டோம்.

37/
தமிழ்நாடு உறுப்பு தானத்தில் நாட்டுக்கே முன்னோடி. 2008-ல் ஒரு மருத்துவத் தம்பதி மூளைச்சாவடைந்த தங்கள் மகனின் உறுப்புகளைக் கொடுத்தது எத்தனை பேர் மனதை மாற்றியது என்று நமக்குத் தெரியும். 2023 முதல் உறுப்பு கொடுத்தவர்களின் உடலுக்கு அரசு மரியாதை. முதல்வர் காப்பீட்டில் மாற்று அறுவை சிகிச்சை. இதெல்லாம் பெருமைதான்.

ஆனால் டிஸ்சார்ஜுக்குப் பிறகான மூன்று மாதம்? அதைப் பெரும்பாலும் குடும்பத்தின் கையில் விட்டுவிடுகிறோம்.

38/
குடும்பம் என்ன செய்யும்? பாசத்தால் கட்டிலில் போடும். அதுவும் ஆணாக இருந்தால்.

பெண்ணாக இருந்தால் நேர் எதிர். பதினைந்தாவது நாள் அடுப்படி, தண்ணிக் குடம், துணி. இரண்டும் ரிஹாப் கிடையாது. இதய மறுவாழ்வு சிகிச்சைக்குப் பெண்கள் குறைவாகவே அனுப்பப்படுகிறார்கள், குறைவாகவே வந்து முடிக்கிறார்கள் என்பது உலகம் முழுக்கத் திரும்பத் திரும்பத் தெரியவந்த உண்மை. உங்க வீட்டில் எப்படி என்று யோசிச்சுப் பாருங்க.

39/
ட்ரெட்மில், பெரிய சென்டர் எல்லாம் இல்லையே என்கிறீர்களா? 2020-ல் வெளியான இந்திய ஆய்வு ஒன்று: மாரடைப்பு வந்த 3959 பேர், 24 மருத்துவமனைகள். யோகா அடிப்படையிலான மறுவாழ்வுப் பயிற்சி பெற்றவர்கள் தங்கள் உடல்நிலை மேம்பட்டதாகச் சொன்னார்கள், பழைய வேலைகளுக்கு அதிகமாகத் திரும்பினார்கள். இறப்பு குறைந்ததாக அது நிரூபிக்கவில்லை, அதையும் சொல்லணும். மருத்துவர் அனுமதியோடு பாய் விரிக்கும் இடத்திலேயே நிறைய செய்ய முடியும்.

40/
இப்போ வீட்டில் செய்ய வேண்டியது. உங்கள் மருத்துவர் சொன்ன மாற்றங்களோடு:

🔸 ஐந்து நிமிஷ நடை, ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை. வாரா வாரம் கூட்டுங்கள்.
🔸 நெஞ்செலும்பு திறந்த ஆப்பரேஷன் என்றால் குறைந்தது 6 முதல் 8 வாரம் குடம், சிலிண்டர், குழந்தையைத் தூக்காதீர்கள். டூவீலர் வேண்டாம்.
🔸 பேஸ்மேக்கர் வைத்த பக்கக் கையைச் சில வாரம் தோளுக்கு மேல் தூக்க வேண்டாம். ஆனால் அசைக்காமலே வைத்தால் தோள் இறுகிவிடும்.
🔸 மொபைலைச் சட்டையின் அந்தப் பக்கப் பாக்கெட்டில் வைக்காதீர்கள்.

41/
🔸 உறுப்பு மாற்றியவர்கள் ஒதுக்கல் தடுப்பு மாத்திரையை ஒரு வேளைகூட விடக் கூடாது, நேரமும் மாறக் கூடாது. யார் சொன்னாலும் கேட்காமல் நாட்டு மருந்து, லேகியம் சேர்க்க வேண்டாம்.
🔸 முதல் மாதங்களில் கல்யாண மண்டபம், திருவிழாக் கூட்டம் தவிருங்கள். முடியாவிட்டால் மாஸ்க்.
🔸 தெருவோர ஜூஸ், வெட்டி வைத்த பழம் வேண்டாம்.
🔸 இரண்டு மாடி ஏறினால் மூச்சு முட்டாமல் இருக்கிறதா? தாம்பத்தியம் பற்றி மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.
🔸 அழுகை, தூக்கமின்மை, "எனக்காக ஒருத்தர் செத்துட்டாரே" என்ற குற்ற உணர்வு இருந்தால் அதையும் சொல்லுங்கள். அதுவும் சிகிச்சைக்குரியதுதான்.

42/
நடையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனை வர வேண்டியவை:

🔴 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல்
🔴 இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ எடை ஏற்றம், கால் வீக்கம்
🔴 மயக்கம், புதிதாக மூச்சுத்திணறல்
🔴 தையல் இடத்தில் சிவப்பு, நீர், சீழ்
🔴 ஐசிடி ஒரு தடவை ஷாக் அடித்து நீங்கள் நன்றாக இருந்தால் அன்றே மருத்துவரைக் கூப்பிடுங்கள். அடுத்தடுத்து அடித்தாலோ, அடித்த பின் முடியாமல் போனாலோ 108.

43/
டிஸ்சார்ஜ் அன்று ஒரே ஒரு கேள்வியைக் கட்டாயம் கேளுங்க: "இவருக்கு நடைப் பயிற்சித் திட்டத்தை எழுதித் தருவீங்களா? பிசியோதெரபிக்கு எப்ப வரணும்?"

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பிசியோதெரபி பிரிவு உண்டு, கட்டணம் இல்லை. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தரும் ஏற்பாடும் இருக்கிறது. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். கேட்கக் கேட்கத்தான் இது எல்லா ஊரிலும் ஒழுங்காக வரும்.

44/
யாரோ ஒரு குடும்பம் தன் வாழ்க்கையின் மிக மோசமான நாளில், அழுதுகொண்டே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த இதயம் அது. கட்டிலில் படுத்திருப்பதற்காக அவர்கள் கொடுக்கவில்லை.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ இப்படி ஒருவர் இருந்தால் இன்று சாயங்காலம் அவரைக் கூட்டிக்கொண்டு தெருமுனை வரை நடங்கள். மெதுவா ஆரம்பிங்க, பேசிக்கிட்டே நடங்க, மெதுவா நிறுத்துங்க.

சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். தேவைப்படுபவர்களுக்குப் பகிருங்கள்.